முளவுமா வந்த முற்றம்

கேமரன் மலையின் வடகோடியில், பகாங்கும் பேராக்கும் கிளந்தானும் ஒன்றையொன்று நெருங்கிவரும் மலைப்பகுதியில் கம்போங் ராஜா இருக்கிறது. ஒருபுறம் தேயிலைச் சரிவுகள். மறுபுறம் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூடாரங்கள். இரண்டிற்கும் மேலே மேகம் தங்கிச் செல்லும் காடு. இவ்வூரில் பொழுது சற்றுத் தாமதமாகவே புலரும். பனிமூட்டம் விலகிய பின்னரே எதிரே ஒரு மலை இருப்பது கண்ணுக்குத் தெரியும். அத்தகைய ஒரு காலையில், ஊர்க்கோடியில் வாழும் முதியவர் ஒருவர் தம் வீட்டுக் கதவைத் திறந்தார். முற்றத்துப் புற்றரை உழுது போட்ட வயலாகக் கிடந்தது.

அவர் தேயிலைத் தோட்டத்தில் தண்டலாக இருந்து ஓய்வுபெற்றவர். எழுபத்தைந்து வயது நிரம்பியவர். ஊரார்க்கு அவர் 'தண்டல் ஐயா'; பேரனுக்கு மட்டும் தாத்தா.

புற்றரை என்றதும் மாளிகையின் முன்னே விரிந்து கிடக்கும் பசுங்கம்பளத்தை நினைத்தல் வேண்டா. இது இருபது அடி நீளமும் பதினைந்து அடி அகலமும் கொண்ட சிறு நிலம். ஆனால் இதற்கொரு வரலாறு உண்டு. தண்டலின் மனைவி தம் இளமைக்காலம் முழுவதும் துரை பங்களாவின் தோட்டத்தில் வேலை செய்தவர். அங்கே புல் வெட்டுவதும், களை எடுப்பதும், பூச்செடிகளுக்கு நீர் வார்ப்பதும் அவர் பணி. அந்தப் புல்லின்மீது ஒருநாளும் அவர் உட்கார்ந்ததில்லை. சேமநிதிப் பணத்தைக் கொண்டு சொந்தமாக இவ்வீட்டை வாங்கியபோது, "சமையலறை எப்படி இருந்தாலும் போகட்டும், வாசலில் கொஞ்சம் புல் வேண்டும்" என்றுதான் அந்த அம்மையார் முதலில் கேட்டாராம். பங்களாவில் வெட்டி எறிந்த புற்கட்டிகளைக் கூடையில் சுமந்துவந்து, ஒவ்வொன்றாகப் பதித்து, ஓரங்களில் கல்வாழை நட்டு, மேற்சரிவில் நான்கு பாத்தி சர்க்கரைவள்ளியும் வைத்து வளர்த்தார். மாலை வேளைகளில் அப்புல்லின்மேல் கால்நீட்டி அமர்ந்து தேநீர் குடிப்பார். அவர் மறைந்த பின்னர் முதியவர் தம் கையாலேயே அப்புல்லைக் கத்தரித்து வந்தார். இயந்திரம் வாங்கித் தருவதாக மகன் சொன்னபோதும் மறுத்துவிட்டார்.

அந்தப் புல்லைத்தான் ஏதோ ஒன்று இரவோடிரவாகப் புரட்டிப் போட்டிருந்தது. கல்வாழையின் கிழங்குகள் கடித்துக் குதறப்பட்டிருந்தன. சர்க்கரைவள்ளிப் பாத்திகளில் இரண்டு வெறும் குழிகளாயிருந்தன.

காட்டுப்பன்றி என்றாள் மருமகள். நாயாக இருக்கலாம் என்றான் பேரன். முதியவர் ஒன்றும் சொல்லாமல் குனிந்து மண்ணைப் பார்த்தார். ஈரமண்ணில் சிறு குழந்தையின் உள்ளங்கையை ஊன்றியது போன்ற தடங்கள் இருந்தன. பன்றியின் குளம்பு அப்படிப் பதியாது. கல்வாழைத் தூரின் அடியில் ஒரு சாண் நீளமுள்ள முள் ஒன்று கிடந்தது. வெண்மையும் கருமையும் மாறி மாறி வளையமிட்ட முள். அவர் அதை எடுத்துப் பேரனிடம் நீட்டினார். பேரன் பின்வாங்கினான்.

"தாத்தா, இது முள்ளை அம்பு மாதிரி எய்யுமாமே?"

"எய்யாதுப்பா. அதுக்கு வில்லும் இல்லை, நாணும் இல்லை. கிட்டப் போனா முதுகைக் காட்டிப் பின்னாலேயே வந்து குத்தும். குத்தின முள்ளு கழண்டு நம்ம உடம்பில நிக்கும். அதைப் பார்த்தவன் எய்யுதுன்னு சொல்லிட்டான்."

முள்ளம்பன்றி முள்ளை எய்யும் என்ற நம்பிக்கை மிகப் பழையது, உலகெங்கும் பரவியது. தமிழிலும் அவ்விலங்கிற்கு 'எய்' என்றொரு பெயர் உண்டு. சங்கச் சான்றோர் அதனை 'முளவுமா' என்றும் வழங்கினர். குறிஞ்சி நிலத்துக் கானவர் அதனை வேட்டையாடி உண்ட செய்தியைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். பெயரில் பன்றி இருப்பினும் அது பன்றியினம் அன்று. எலியும் அணிலும் சேர்ந்த கொறிக்கும் இனத்தைச் சார்ந்தது. அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும். ஆதலின் எதையேனும் கொறித்துத் தேய்த்துக்கொண்டே இருத்தல் அதற்கு இயற்கை. முட்களோ நம் நகமும் மயிரும் ஆகிய அதே பொருளால் ஆனவை. மலேசியக் காடுகளில் வாழும் முள்ளம்பன்றி பகலெல்லாம் வளையில் உறங்கி, இருட்டிய பின்னரே வெளிவரும். கிழங்கும் வேரும் மரப்பட்டையும் உதிர்ந்த கனியும் அதற்கு உணவு. கல்வாழையும் சர்க்கரைவள்ளியும் நிறைந்த முற்றம் அதற்கு விருந்து மண்டபமே அன்றோ!

வளை வெகுதொலைவில் இல்லை. வீடு கட்டுவதற்காக வெட்டிய மேற்சரிவின் அடியில் ஒரு பெரும்பாறை இருந்தது. அதன் பக்கவாட்டில் பெரணிச் செடிகள் மூடிய பொந்து ஒன்றைப் பேரன் கண்டுபிடித்தான். வாயில் வழவழவென்று தேய்ந்திருந்தது; உள்ளே போய்வரும் விலங்கு ஒன்று உண்டென்பதற்கு அதுவே சான்று.

செய்தி ஊரில் பரவ ஒரு நாளும் ஆகவில்லை. மாலையில் இருவர் வந்தனர். முதலில் வந்தவர் கீழ்ச்சரிவில் குத்தகை நிலத்தில் காய்கறி பயிரிடும் அண்டை வீட்டார். மோட்டார் சைக்கிளின் பிரேக் கம்பித் துண்டு ஒன்றைச் சுருட்டிச் சட்டைப்பையில் கொண்டுவந்திருந்தார். "ஐயா, ஒரே ராத்திரி வேலை. பொந்து வாசல்ல சுருக்கு வெச்சா காலையில கறி" என்றார். இரண்டாவதாக வந்தவரை ஊரில் பலர் முன்னே பின்னே பார்த்ததில்லை. அவருக்கு வேண்டியது கறி அன்று, கல்.

முள்ளம்பன்றியின் வயிற்றில் செரிக்காத நார்ப்பொருள்கள் திரண்டு சிலபோது கல்லைப்போல் இறுகிவிடுவதுண்டு. மலாய்மொழியில் அதனைக் 'கெலிகா லண்டாக்' என்பர். புற்றுநோயைத் தீர்க்கும், டெங்கிக் காய்ச்சலைத் தணிக்கும் என்றெல்லாம் நம்பி அதனைக் கிராம் கணக்கில் நிறுத்து, தங்கத்தினும் மிகுந்த விலை கொடுத்து வாங்குவோர் உளர். இந்நம்பிக்கைக்கு மருத்துவ உலகம் ஒப்பும் சான்று இல்லை. எல்லா முள்ளம்பன்றியிடத்தும் அக்கல் இருப்பதும் இல்லை. இருக்கிறதா என்றறிய ஒரே வழி, வயிற்றைக் கிழித்துப் பார்ப்பதே. இருக்கும் ஒன்றிற்காக இல்லாத பல மடிகின்றன.

வந்தவர் குரலைத் தாழ்த்தினார். "உயிரோட பிடிச்சுக் குடுத்தாப் போதும், ஐயா. கல்லு இருந்தாலும் இல்லாட்டியும் மூவாயிரம் வெள்ளி."

மூவாயிரம் வெள்ளி என்பது அவ்வீட்டில் எளிய தொகை அன்று. மழைக்காலந்தோறும் கூரையின் ஒரு மூலை ஒழுகியது. பேரன் படிவம் நான்கில் இருந்தான். அவனது அறிவியல் பாடத்திற்குத் தனிவகுப்பு வைக்க வேண்டும் என்று மருமகள் பலமுறை சொல்லியிருந்தாள். முதியவர் இல்லையென்று உடனே சொல்லவில்லை என்பதை மறைக்காமல் எழுதத்தான் வேண்டும். நாளை சொல்வதாகக் கூறி அவரை அனுப்பினார். அண்டை வீட்டார் விட்டுச்சென்ற பிரேக் கம்பி அஞ்சடியில், மேசையின்மேல் இரவெல்லாம் கிடந்தது.

அக்கம்பியைக் கையில் எடுத்துச் சுருக்கிடுவதற்கு அவருக்கு ஒருவரும் கற்பிக்க வேண்டியதில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில், லயத்தில் இருந்த இளைஞர்களில் கண்ணி வைப்பதில் அவரே கைதேர்ந்தவர். கூலி குறைவு, கறி என்பது பண்டிகைக்கு வருவது. அந்நாளில் அது பசியின் பொருட்டு நடந்தது. ஆகையால் அதனைப் பெரும்பாவமாகப் பேசுவதும் முறையன்று. ஆனால் ஒருநாள் விடியலில் தாம் கண்டதை அவர் மறக்கவில்லை. சுருக்கு காலை அறுத்து எலும்பில் நின்றிருந்தது. விலங்கு கம்பியை அறுக்க முயன்று பற்கள் உடைந்து கிடந்தது. அதன் பக்கத்தில், முட்கள் இன்னும் முற்றாத இரண்டு குட்டிகள் ஓடத் தெரியாமல் நின்றன. லயத்திற்குத் தூக்கிவந்து பால் கொடுத்தும் அவை பிழைக்கவில்லை. அன்று அக்கறியை அவர் மனைவி சமைக்க மறுத்துவிட்டார். திருமணமாகி ஓராண்டுகூட ஆகாத காலம். மாமியாரின் ஏச்சையும் கேட்டுக்கொண்டு மறுத்தாராம்.

அந்த அம்மையார் வளர்த்த புல்லைக் காப்பதற்கே இப்போது மறுபடியும் சுருக்கு மேசைமேல் கிடந்தது.

நள்ளிரவுக்கு மேல் அவர் விளக்கை அணைத்துவிட்டுச் சன்னலருகே உட்கார்ந்தார். தூக்கம் வராத பேரனும் போர்வையைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் வந்து அமர்ந்தான். முதலில் ஓசை கேட்டது. உலர்ந்த மூங்கில் குச்சிகளைச் சேர்த்துக் குலுக்கியதுபோன்ற சலசலப்பு. முள்ளம்பன்றியின் வாலில் உள்ள முட்கள் உட்புறம் வெற்றுக்குழல்களாயிருப்பதால் நடையிலும் அவை ஒலிக்கும். பின்னர் நிலவொளியில் இரண்டு உருவங்கள் அசைந்தன. ஒன்று மண்ணைக் கிளற, மற்றது தலைநிமிர்ந்து முகர்ந்து நின்றது. சற்று நேரங் கழித்து மூன்றாவதாக ஒன்று பொந்தின் வாயில்வரை வந்து, பனிக்காற்றுப் பட்டதும் உள்ளே திரும்பிவிட்டது.

"குட்டி, தாத்தா."

"ஆமா."

"அப்ப என்ன செய்யப் போறோம்?"

முதியவர் விடை கூறவில்லை. காலையில் கம்பியை எடுத்து, வெட்டிரும்பால் விரல்நீளத் துண்டுகளாக வெட்டிக் குப்பையில் போட்டார். கல் தேடி வந்தவரிடம் அவர் என்ன சொன்னார் என்பது தெரியாது. அவர் மறுபடியும் வரவில்லை என்பது மட்டும் தெரியும்.

சுருக்கைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது 716ஆம் சட்டம், சுருக்குக் கண்ணியை வைத்திருப்பதையே கடுங்குற்றமாக்கியது. இத்துணைக் கடுமை ஏன்? துப்பாக்கி ஏந்தியவன் குறிபார்த்துச் சுடுகிறான். சுருக்கோ எவர் கால் வைத்தாலும் இறுகும். முள்ளம்பன்றிக்கு வைத்தது மானைப் பிடிக்கும். மானுக்கு வைத்தது புலியைப் பிடிக்கும். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பு, தீபகற்ப மலேசியாவில் எஞ்சிய புலிகள் 150க்கும் குறைவு என மதிப்பிட்டது. அந்நிலைக்குச் சுருக்குக் கம்பியும் ஒரு பெருங்காரணம். முள்ளம்பன்றியும் அச்சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள விலங்கே. உரிமமின்றிப் பிடித்தலும் விற்றலும் குற்றமாகும்.

எனவே அவர் வனவிலங்குத் துறைக்குத் தொலைபேசியில் தெரிவித்தார். மக்கள் வாயில் 'பெர்ஹிலித்தான்' என்று வழங்கும் துறை அது. சில நாளில் அலுவலர் ஒருவர் வந்தார். பொறியைக் கொண்டுவந்து பிடித்து எங்கேனும் பெருங்காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்பதே வீட்டாரின் எதிர்பார்ப்பு. அலுவலர் பொந்தைப் பார்த்தார், குட்டியின் தடத்தைப் பார்த்தார், தலையசைத்தார். தாய் பொறியில் விழுந்தால் குட்டி உள்ளே மடியும். குட்டி விழுந்தால் பெற்றவை பொந்தை விட்டு அகலா. முள்ளம்பன்றிகள் இணைபிரியாது வாழ்பவை. ஒன்றை மட்டும் பிரித்து அறியாத காட்டில் விட்டால், அங்கே வளையும் இல்லை. உணவு இருக்கும் இடமும் தெரியாது. முன்பே வாழும் விலங்குகளும் இடங்கொடா. "இங்கே கொல்லாமல் அங்கே கொல்வதற்கு என்னை ஏன் கூப்பிடுகிறீர்கள்?" என்னும் பொருள்பட அவர் மலாயில் சொன்னதைப் பேரன் பின்னர் அடிக்கடி சொல்லிக் காட்டுவான்.

பிடித்து வேறிடத்தில் விடுதல் இரக்கமான செயல் என்றே நாம் பொதுவாகக் கருதுகிறோம். சில வேளைகளில் அதுவே எஞ்சிய வழியாகவும் இருக்கலாம். மலேசியாவில் பயிர்களை அழிக்கும் யானைகளைப் பிடித்து இடம்மாற்றும் பணி 1974ஆம் ஆண்டில் தொடங்கிற்று. இதே பகாங் மாநிலத்தின் கோலா கண்டாவில் யானைகளுக்கென ஒரு மையமும் 1989இல் அமைந்தது. அதனால் பல நூறு யானைகள் துப்பாக்கிக்குத் தப்பின. ஆயினும், இடம் மாற்றிய விலங்கு அங்கேயே தங்கிவிடும் என்பதற்கு உறுதி இல்லை. இலங்கையில் இடம்மாற்றிய 12 ஆண்யானைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2012இல் வெளிவந்தது. சில பிடிக்கப்பட்ட இடத்திற்கே திரும்பி வந்தன. சில ஊர் ஊராக அலைந்தன. சிலவே புதிய இடத்தில் அமைந்தன. தமிழ்நாட்டினர் 'அரிக்கொம்பன்' என்ற பெயரை எளிதில் மறவார். கேரளத்தின் சின்னக்கானலில் அரிசி தேடி வீடுகளையும் கடைகளையும் உடைத்த அந்த யானையை 2023 ஏப்ரலில் மயக்கிப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டனர். ஒரு மாதத்திற்குள் அது தேனி மாவட்டத்துக் கம்பம் நகரின் தெருக்களில் ஓடியது. ஜூன் மாதத்தில் மறுபடியும் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுசென்றனர். யானையை மாற்றலாம், அது தேடிவந்த அரிசியின் மணத்தை மாற்றியவர் யார்?

நம்மைப் போலவே தேயிலை மலையில் வாழும் தமிழர் ஊராகிய வால்பாறையில் வேறொரு வழியைக் கண்டனர். அங்கே தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே காட்டுத் துண்டுகள் எஞ்சி நிற்கின்றன. யானைகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லத் தேயிலையின் ஊடேதான் நடக்கவேண்டும். இருளில் வேலைவிட்டுத் திரும்பும் தொழிலாளர் அறியாது எதிர்ப்பட்டு உயிரிழந்தனர். இயற்கைப் பாதுகாப்புக் குழு ஒன்று யானைகள் எங்கே நிற்கின்றன என்பதை நாள்தோறும் கைப்பேசிக் குறுஞ்செய்தியாக அனுப்பவும், குடியிருப்புகளின் அருகே சிவப்பு விளக்குகளை எரியவிடவும் ஏற்பாடு செய்தது. யானைகள் அப்படியே நடக்கின்றன. மனிதர் வழிமாறிச் செல்கின்றனர். உயிரிழப்பும் வெகுவாகக் குறைந்தது. தினைப்புனத்தில் பரண் கட்டி, தட்டையும் குளிரும் தழலும் கவணும் கொண்டு கிளியையும் யானையையும் விலக்கிய பழங்குறிஞ்சி மக்களும் ஏறத்தாழ இதைத்தானே செய்தனர்? பரணில் இருந்தவர் பணி காத்தல். கொல்லுதல் வேட்டுவன் பணி. இரண்டும் ஒரே மலையில் நடந்தன என்பதை நாம் மறந்துவிடலாகாது. சங்கப் பாட்டைக் காட்டி நம் முன்னோர் அனைவரும் உயிரிரக்கமே வடிவானவர் என்று மேடையில் பேசுவது எளிது.

அலுவலர் சொல்லிச் சென்ற வழி எளியது; ஆனால் பொறுமை மிக வேண்டுவது. குட்டி பெற்றோரைப் பின்தொடர்ந்து இரை தேடப் பழகும்வரை பொந்தைத் தொடக்கூடாது. அதுவரை முற்றத்தில் இரை கிடைப்பதை ஒவ்வொன்றாகக் குறைக்கவேண்டும். அதன்பின் பொந்தின் வாயிலில், வெளிப்புறம் மட்டும் திறக்கும் கதவொன்றைத் தொங்கவிட வேண்டும். உள்ளிருப்பது தள்ளிக்கொண்டு வெளியேறும். திரும்பி நுழைய இயலாது. மூன்றும் வெளியேறியது உறுதியான பின்னரே கல்லிட்டு மூடவேண்டும்.

முதியவர் எஞ்சிய சர்க்கரைவள்ளியை முற்றுமுன்னரே அகழ்ந்தெடுத்தார். கல்வாழையைக் கிழங்கோடு பெயர்த்து மண்சட்டிகளில் நட்டுக் கொல்லைப்புறத்து மேடையில் வைத்தார். சமையற்கழிவை மூடியுள்ள தொட்டியில் இட்டார். புல்லை மட்டும் பெயர்க்க வழியில்லை. முள்ளம்பன்றிகள் தங்கள் பழைய நினைவில் இரவுதோறும் வந்து, கிழங்கு தேடி அதைக் கிளறிக்கொண்டே இருந்தன. மாதம் ஒன்றும் கழிந்தது; மற்றொன்றும் பாதி கழிந்தது. அம்மையாரின் நினைவு நாள் வந்தபோது முற்றத்தில் புல்லென்று சொல்லக்கூடியது நாற்புறமும் கையகலமே இருந்தது. ஆண்டுதோறும் அப்புல்லின்மேல் பாய்விரித்து உறவினர்க்கு உணவிடுவது வழக்கம். அவ்வாண்டு அஞ்சடியில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தனர். ஈப்போவிலிருந்து வந்திருந்த மகனுக்கு அது பொறுக்கவில்லை.

"அம்மா கையால நட்ட புல்லுப்பா அது. ஒரு எலி ஜாதிக்காக அழிய விட்டுட்டீங்களே!"

"புல்லு திரும்ப வரும்" என்றார் முதியவர். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. குட்டிகள் இரண்டு பால் குடிக்காமல் மடிந்த கதையை அவர் மகனுக்குச் சொன்னதே இல்லை போலும். பேரனுக்கு மட்டும் அந்தச் சன்னலருகே ஓரிரவு சொல்லியிருந்தார்.

பொந்திலிருந்து எத்தனை வெளியேறின என்று கணக்கிடும் உபாயத்தைக் கூறியவள் மருமகள். அலுவலர் மாவையோ சாம்பலையோ தூவச் சொல்லியிருந்தார். அவள் கோலமாவுக் கிண்ணத்தை எடுத்துவந்து, "இது இருக்கே, மாமா" என்று நீட்டினாள். நாள்தோறும் மாலையில் பேரன் பொந்தின்முன் மெல்லிய படலமாக மாவைத் தூவினான். வாசலில் ஒரு கோலம், பாறைக்கு அடியில் ஒரு கோலம் என்று வீட்டில் சிரித்துக்கொண்டனர். காலையில் அவன் தன் பயிற்சிப் புத்தகத்தில் குறித்து வைத்தான்: பெரிய தடம் இரண்டு வெளியே, சிறியது வாயில்வரை, பெரியவை இரண்டு வெளியே, சிறியது மூன்றடி, பிறகொரு நாள், சிறிய தடம் பெரியவற்றின் பின்னே சரிவில் ஏறிப்போய் மறைந்திருந்தது. தொடர்ந்து ஐந்து இரவுகள் அவ்வாறே கண்ட பின்னர்தான் முதியவர் கதவைத் தொங்கவிட்டார். பழைய கம்பிவலைத் துண்டு. மேலே இரண்டு கீல். கீழே நிலத்தில் படியும் ஒரு மரச்சட்டம். அவ்வளவே.

முதல் இரவு மூன்றும் வெளியேறின. விடியுமுன் திரும்பிவந்து கதவைச் சுற்றி மண்ணைப் பறித்த அடையாளம் தெரிந்தது. முதியவர் அதை எதிர்பார்த்துச் சுற்றிலும் கல் பதித்திருந்தார். அன்று பொந்தின் உட்புறம் உலர்ந்த சருகைத் தளர்வாக அடைத்துவைத்தார். உள்ளே ஏதேனும் தங்கியிருந்தால் சருகு கலையும். மூன்று இரவுகள் சருகு கலையவில்லை. நான்காம் நாள் பாறைக்கடியைக் கருங்கல்லும் மண்ணும் இட்டு மூடினர்.

அடுத்தது வேலி. தெளிவாகச் சொல்லின், இதுதான் உண்மையான வேலை. மற்றவையெல்லாம் இதற்கு முன்னுரை. முள்ளம்பன்றி தோண்டுவதில் வல்லது, ஏறுவதில் வல்லதன்று. ஆகவே வேலி உயரமாக இருப்பதைவிட ஆழமாக இருக்கவேண்டும். முற்றத்தைச் சுற்றி ஓரடி ஆழத்திற்கு வாய்க்கால் வெட்டி, கனமான கம்பிவலையை இறக்கி, அதன் அடிவிளிம்பை வெளிப்பக்கமாக மடித்து மண்ணிட்டு மூடினர். தோண்டிக்கொண்டு வருவது மடிப்பின்மேல் நின்று தோண்டும், கம்பியே தட்டும். தரைக்குமேல் இடுப்பளவு உயரம் போதும். இரும்புச் சாமான் கடையில் கம்பிவலைக்குச் சில நூறு வெள்ளி ஆயிற்று. அப்பணம் கூரைக்கென்று எடுத்து வைத்தது. அவ்வாண்டு மழையிலும் அந்த மூலை ஒழுகத்தான் செய்தது.

புல்? பங்களாவில் இப்போது அந்தப் பழைய புல் இல்லை. முற்றத்து ஓரங்களில் பிழைத்திருந்ததையே கட்டி கட்டியாகப் பிரித்து, ஒரு சாண் இடைவெளியில் பேரன் நட்டான். மலைநாட்டு ஈரத்தில் புல் விரைந்து படரும்.

இவ்வளவில் இக்கதை இனிதே முடிந்தது என்று எழுதுவதற்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலி முடிந்த இரண்டாம் வாரத்தில் கீழ்ச்சரிவிலிருந்து அண்டை வீட்டார் ஏறிவந்தார். முகம் கடுத்திருந்தது. அவருடைய சர்க்கரைவள்ளிப் பாத்திகளில் ஒரு வரிசை முழுதும் கிளறப்பட்டுவிட்டது.

"உங்க வீட்டு விருந்தாளிங்க இப்ப என் தோட்டத்துல, ஐயா. உங்களுக்கு அது முற்றம். எனக்கு அது பொழைப்பு."

அவர் கூறியதில் பிழையில்லை. காடு மேலே சுருங்கிக்கொண்டு வருகிறது. கேமரன் என்ற நில அளவையாளர் 1885இல் இம்மலையைக் கண்டு குறித்தபோது இருந்த காட்டை, 1929 முதல் தேயிலைக்காக வெட்டினர். பின்னர் காய்கறிக்காக வெட்டினர். அதன்பின் வீடுகளுக்காகவும் வெட்டினர். தேயிலைக்கு வெட்டிய கைகளில் முதியவருடைய தந்தையின் கையும் ஒன்று. வெட்டிய நிலத்தில் கிழங்கை நட்டுவிட்டு, கிழங்கு தின்னும் விலங்கை மட்டும் வராதே என்கிறோம். ஒரு முற்றத்திற்கு வேலி போட்டால் அது அடுத்த முற்றத்தைத் தேடும். அடுத்தவர் மற்றொரு பிரேக் கம்பியை எடுக்க எத்தனை நேரம் ஆகும்?

முதியவர் அவரை உட்காரவைத்தார். மருமகள் தேநீர் கொண்டுவந்தாள்.

"எத்தனை அடி வரும், தம்பி, உன் கிழங்குப் பாத்தி?"

"நூறு அடி இருக்கும், ஐயா."

"எங்கிட்ட முப்பது அடி வலை மிச்சம் இருக்கு. மீதிக்கு நீ வாங்கு. வாய்க்கால் வெட்ட நாங்க ரெண்டு பேரும் வர்றோம்."

அண்டை வீட்டார் தேநீரைக் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. பின்னர், "ஓரடி ஆழமா?" என்று கேட்டார்.

"ஓரடி. அடியில வெளிப்பக்கமா மடிக்கணும். நான் காட்டுறேன்."

மறுநாள் சனிக்கிழமை. பனி விலகுவதற்கு முன்னரே, கம்பிவலைச் சுருளின் ஒரு முனையைத் தாத்தாவும் மறுமுனையைப் பேரனும் பிடித்துக்கொண்டு, கீழ்ச்சரிவின் வழுக்குப் பாதையில் ஒவ்வோர் அடியாக இறங்கிக்கொண்டிருந்தனர்.